இன்னும் 50 வீடுகளைச் சேர்க்கலாமா: கேபிள் இணையத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை

கேபிள் நிறுவனமொன்றின் திட்டமிடல் பிரிவில் இருந்தபோது என்னிடம் அடிக்கடி வந்த கேள்வி இது: 200 வீடுகள் உள்ள நோடில் (ஒரே கேபிளைப் பகிரும் வீடுகளின் தொகுதியில்) இன்னும் 50 வீடுகளைச் சேர்க்கலாமா? முதல் தடவை சராசரியை வைத்துக் கணக்குப் போட்டேன். சேனலின் (கேபிளில் தரவு செல்லும் அலைவரிசையின்) கொள்ளளவு வினாடிக்கு 38 மெகாபிட், 250 வீடுகளின் தேவை 33. சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமே இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை என்று அந்தத் தெருவிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. அன்றிலிருந்து கணினியில் நோடின் மாதிரியை உருவாக்கி ஓட்டிப் பார்க்காமல் எந்த நோடுக்கும் நான் ஒப்புதல் கொடுத்ததில்லை.

தொடங்குவதற்குப் பைத்தான் நிரல்மொழியும், நிகழ்வுகளைப் பாவனை செய்ய உதவும் அதன் சிம்பை நூலகமும் போதும். 6 மெகாஹெர்ட்ஸ் அகலமும் 256 குவாம் பண்பேற்றமும் (தரவை அலையில் ஏற்றும் முறை) கொண்ட ஒரே சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 38 மெகாபிட். வீட்டுக்கு 10 மெகாபிட் திட்டம் என்றால், ஒரே நேரத்தில் மூன்று பேர் பதிவிறக்கும்வரை யாருக்கும் குறைவில்லை. நான்காமவர் வந்ததும் பங்கு 9.5 ஆகிவிடும்.

அடுத்து மனிதர்கள். ஒருவர் பக்கத்தைத் திறக்கிறார், படிக்கிறார், பிறகு அடுத்ததைத் திறக்கிறார். படிக்கும் நேரம் சராசரியாக 60 வினாடி, பக்கத்தின் அளவு சராசரியாக 1 மெகாபைட் என்று வையுங்கள். பக்கம் வந்து சேர்ந்த பிறகே படிக்கும் நேரம் தொடங்க வேண்டும். இணைப்பு மெதுவானால் மனிதரும் காத்திருப்பார் என்பதை உங்கள் நிரல் அறிந்திருக்க வேண்டும். பக்க அளவுகளைப் பரேட்டோ என்ற புள்ளியியல் பரவலிலிருந்து எடுங்கள். வடிவ எண் 1.2 என்றால் பைத்தான் தரும் எண்களின் சராசரி 6. ஒவ்வொன்றையும் 6 ஆல் வகுத்தால் மெகாபைட் கணக்கு வந்துவிடும். இந்தப் பரவலில் அரிதாக மிகப் பெரிய கோப்பு வரும். தெருவையே திணறடிப்பது அதுதான். ஆகவே நீண்ட நேரம் ஓட்டுங்கள், குலுக்கலைத் தொடங்கிவைக்கும் விதை எண்களை மாற்றி மாற்றி குறைந்தது இருபது முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கப் பகுதியையும் தள்ளிவிடுங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை, ஏனெனில் கேபிளின் உண்மையான சிக்கல் பதிவேற்றத் திசையில் இருக்கிறது. அங்கே மோடம் நினைத்தபோது பேச முடியாது. முதலில் கோரிக்கை அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் தலைமுனையில் இருந்து மோடங்களைக் கட்டுப்படுத்தும் சிஎம்டிஎஸ் என்ற கருவி, மேப் என்ற செய்தியில் யாருக்கு எந்த நேரத்துண்டு என்று அறிவிக்கும். இரண்டு மோடங்கள் ஒரே துண்டில் கோரினால் இரண்டும் அழியும். மோதியதாக யாரும் சொல்லமாட்டார்கள். மேப்பில் தன் பெயர் வராததைக் கண்டு மோடமே புரிந்துகொள்ள வேண்டும். பிறகு, உதாரணமாக, 8 துண்டுகளுக்குள் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். மறுபடி மோதினால் 16, பிறகு 32 என்று வரம்பு இரட்டிப்பாகும்.

இதன் விளைவைக் கையாலேயே கணக்கிடலாம். மோதலே இல்லாமல் ஒரு கோரிக்கைச் சுற்றுக்கு 6 மில்லிவினாடி ஆகிறது என்று வைப்போம். டாக்சிஸ் என்ற கேபிள் இணையத் தரநிலையின் 1.0 பதிப்பு மோடம் சுற்றுக்கு ஒரே பொட்டலம் அனுப்பினால் வினாடிக்கு 166 டிசிபி ஒப்புகைகள்தாம், அதாவது தரவு வந்து சேர்ந்தது என்று அனுப்பியவருக்குச் சொல்லும் செய்திகள்தாம், போகும். ஓர் ஒப்புகை 1,460 பைட் தரவு கொண்ட இரண்டு பொட்டலங்களுக்கு. பெருக்கினால் பதிவிறக்க வேகம் 4 மெகாபிட்டைத் தொடாது, 38 மெகாபிட் சேனல் காலியாகக் கிடந்தாலும்! 1.1 இல் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்பும் வசதி வந்தது. 3.0 இல் ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை நிலுவையில் வைக்கலாம். உங்கள் நோடில் எந்தத் தலைமுறை மோடங்கள் எத்தனை என்று எண்ணி, அதே விகிதத்தில் நிரலில் வையுங்கள்.

மோடத்தில் பொட்டலங்கள் காத்திருக்கும் வரிசையையும் மறக்காதீர்கள். 1 மெகாபிட் பதிவேற்றத்தில் 256 கிலோபைட் வரிசை நிரம்பினால் இரண்டு வினாடித் தாமதம்; அந்த வீட்டில் யாரும் தொலைபேசி அழைப்பில் பேச முடியாது. டாக்சிஸ் 3.1 மோடங்களில் வரிசையை அடக்கும் பை (PIE) என்ற முறை உண்டு. அதன் இலக்கு 10 மில்லிவினாடி. இந்த நுணுக்கங்களுக்கு என்எஸ்-3 என்ற வலையமைப்புப் பாவனை மென்பொருளுக்காகக் கேபிள் துறையின் ஆய்வு நிறுவனமான கேபிள்லேப்ஸ் வெளியிட்ட டாக்சிஸ் தொகுதியே ஏற்றது.

நிரலை நம்புவதற்கு முன் 3.0 மோடம் உள்ள ஒரே வீட்டை வைத்து ஓட்டுங்கள். 10 மெகாபிட் வராவிட்டால் நிரலில் பிழை. பிறகு 200 வீடுகளுடன் ஓட்டி, அதே நோடின் மாலை நேர அளவீடுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு 250 ஆக்கி, பக்கம் திறக்கும் நேரங்களை வரிசைப்படுத்தி, 95ஆவது சதமானத்தில், அதாவது நூறில் 95 பேரைவிட அதிகம் காத்திருப்பவருக்கு, எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். நான் கையொப்பமிடுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.