கேஸ் ஃப்ரிட்ஜ் வச்சிருக்கீங்களா? டீஃப்ராஸ்ட், சர்வீஸ் பண்றப்போ இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

கேஸ் ஃப்ரிட்ஜை முக்காவாசி பேர் கரண்ட் ஃப்ரிட்ஜ் மாதிரியே நினைச்சு புழங்குறாங்க, தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. இதுல கம்ப்ரசரும் கிடையாது மோட்டாரும் கிடையாது. பின்னாடி கீழ சின்னதா ஒரு தீ எரியும், அந்த சூட்டுல தண்ணியில கரைஞ்சிருக்கிற அமோனியா ஆவியா மேல போயி, ஆறி திரவமாகி, அப்புறம் ஹைட்ரஜன் இருக்கிற குழாய்க்குள்ள மறுபடி ஆவியாகுறப்போ உள்ள இருக்கிற சூட்டை இழுத்துக்கும். 1922ல ஸ்வீடன்ல ரெண்டு ஸ்டூடண்ட்ஸ், வான் பிளாட்டன், முண்டர்ஸ்னு, யோசிச்சு செஞ்ச ஐடியா, இன்னிக்கும் அதேதான்.

இப்போ ஐஸ் விஷயம். ஃப்ரீசர்ல கால் இஞ்ச் அளவுக்கு ஐஸ் படிஞ்சாலே டீஃப்ராஸ்ட் பண்ணிடணும், ஏன்னா ஐஸ் போர்வை மாதிரி மூடிக்கிட்டு குளிரை வெளிய விடாது. "குளிர் பத்தல"ன்னு நாப்பை கூட்டிக்கிட்டே போறவங்க முதல்ல ஐஸைத்தான் பார்க்கணும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எடுத்து குத்துறதுதான் இருக்கிறதுலயே பெரிய தப்பு. அந்த தகடுக்கு பின்னாடிதான் குழாய் போகுது, ஓட்டை விழுந்தா அமோனியாவும் ஹைட்ரஜனும் போயிடும், வீட்ல உக்காந்து திரும்ப நிரப்புற சமாச்சாரம் இல்ல, கூலிங் யூனிட்டையே மாத்தணும். ஹேர் டிரையர், ஹீட் கன்னும் வேண்டாம், பிளாஸ்டிக் வளைஞ்சுடும். கேஸை நல்லா மூடிட்டு, சாமானை எடுத்து ஐஸ் பெட்டில வச்சுட்டு, கதவைத் திறந்து போட்டு, உள்ள ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி வச்சா அதுவா கழண்டு வரும். கொஞ்சம் பொறுமை வேணும், அவ்ளோதான். தண்ணி வடியுற டியூப் அடைச்சிருக்கான்னு பார்த்துக்கங்க. திரும்ப பத்த வச்ச உடனே சாமானை அடுக்காதீங்க, இது குளிர ராத்திரி பூரா ஆகும்.

அடுத்து பர்னர். நானும் ஒரு தடவை ஜெட் (பர்னருக்கு கேஸ் வர்ற சின்ன ஓட்டை இருக்கிற பாகம்) அடைச்சிருக்குன்னு ஊசியை விட்டு குத்தினவன்தான். அந்த ஓட்டை தலைமுடி அளவு பெருசானா கூட கேஸ் அதிகமா வரும், நீல தீ மஞ்சளாகும், கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும், அதுக்கு வாசனையே கிடையாது. ஜெட்டை கழட்டி ஸ்பிரிட்ல ஊற வச்சு, காத்து ஊதி காய வச்சா போதும். பர்னர் குழாய்ல சிலந்தி கூடு கட்டியிருக்கும், அதையும் பாருங்க (கொஞ்ச நாள் எரிக்காம போட்டா கண்டிப்பா கட்டும்). சிம்னி குழாயை பிரஷ் போட்டு சுத்தம் பண்றப்போ கரி கீழ பர்னர் மேல கொட்டாம துணி வச்சு மூடிக்கணும், முடிச்சதும் துணியை மறக்காம எடுத்துடணும். உள்ள தொங்குற முறுக்கு தகட்டை முன்னாடி இருந்த அதே உயரத்துலயே தொங்க விடணும். நிறைய பேர் இதை கழட்டி ஓரமா வச்சுட்டு மாட்ட மறந்துட்டு, அப்புறம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு சொல்லுவாங்க.

ரசமட்டம் வச்சு பார்க்காம நிறுத்துறதும் தப்புதான். உள்ள எதுவும் பம்ப் பண்றதில்ல, திரவம் சரிவுலதான் கீழ இறங்கி வரணும், சாஞ்சு நின்னா அங்கங்க தேங்கிடும், பாய்லர் (தீ சூடாக்குற பாகம்) காய்ஞ்சு குழாய் உள்ளயே அடைச்சுக்கும். பின்பக்கம் காத்துப் போக இடம் விடுங்க, அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கிற இடம் இல்ல அது.

கேஸ் லீக்கை தீக்குச்சி கொளுத்தி பார்க்குற ஆளுங்க இன்னும் இருக்காங்க, தயவு செஞ்சு சோப்பு நுரை தடவி பாருங்க, குமிழி வந்தா லீக். இதுல எரியுற புரொப்பேன் கேஸ் காத்தை விட கனம், தரையோட தங்கும், அதனால கீழ் பக்கமும் காத்தோட்டம் வேணும். பின்னாடி குழாய்ல மஞ்சள் பொடி படிஞ்சு அமோனியா நெடி மூக்கைத் துளைச்சா தீயை அணைச்சுட்டு, ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க, அதை வெல்டிங் வச்சு ஒட்டிடலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.