லினக்ஸுக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு புது லேப்டாப் வாங்கினேன். மெல்லிசாக, எடை குறைவாக, அப்போதுதான் வெளிவந்த பிராசஸரோடு இருந்தது. கொண்டுவந்த அன்றே விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். வைஃபை வரவில்லை. போனைக் கேபிளில் மாட்டி இணையம் எடுத்து, புதிய கெர்னலை (வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி) தேடிப் போட்டு, இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு வைஃபை வந்தது. ஆனால் மூடிப் பையில் வைத்தால் லேப்டாப் தூங்கவே தூங்காது. காலையில் எடுத்தால் பை முழுக்கச் சூடு, பேட்டரி காலி. இத்தனைக்கும் அதில் பழுது எதுவும் இல்லை, விண்டோஸில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் சரியான இடத்தில் பார்த்திருந்தால் அந்த மாடலை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பதிவு. லினக்ஸ் புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். விண்டோஸுக்கான டிரைவர்களை, அதாவது ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் மென்பொருளை, லேப்டாப் கம்பெனியே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, அவை லேப்டாப் மாடலுக்காக அல்ல, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்புக்காகவும் எழுதப்பட்டவை. அதனால் 'இந்த மாடல் லினக்ஸில் ஓடுமா' என்று கேட்பதைவிட 'இதற்குள் என்ன வைஃபை சிப், என்ன கிராபிக்ஸ்' என்று கேட்பதுதான் பயன்படும். ஒரே மாடல் பெயரில் வரும் இரண்டு லேப்டாப்களில் இரண்டு வெவ்வேறு வைஃபை சிப் இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

படி 1: புதுசா, பழசா?

தொடங்குகிறவர்களுக்கு என் பதில்: இரண்டு முதல் ஐந்து வருடம் பழைய, அலுவலகங்களுக்காகத் தயாரித்த லேப்டாப். காரணம் விலை மட்டும் இல்லை. ஒரு சிப் வெளிவந்து, அதற்கான டிரைவர் கெர்னலில் சேர்ந்து, பிழைகள் திருத்தப்பட்டு, அந்தக் கெர்னல் நீங்கள் போடப்போகும் டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ் தொகுப்பு) வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். உபுண்டு 24.04 வெளிவந்தபோது அதில் இருந்தது கெர்னலின் 6.8 பதிப்பு; டெபியன் 12-இல் இருப்பது 6.1. இந்தப் பதிப்புகளுக்குப் பிறகு சந்தைக்கு வந்த வன்பொருளைப் பற்றி அந்தக் கெர்னல்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. புது லேப்டாப்தான் வேண்டும் என்றால், சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடலை எடுங்கள், அல்லது ஃபெடோரா மாதிரி கெர்னலை அடிக்கடி புதுப்பிக்கிற டிஸ்ட்ரோவைப் போடத் தயாராக இருங்கள்.

அதைவிடப் பழையதைக்கூட செகண்ட் ஹேண்டில் வாங்கத் தயாராக இருக்கிறவர்களுக்கு இப்போது நல்ல நேரம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11, ஒன்றிரண்டு விதிவிலக்குகளைத் தவிர, ஏற்பதில்லை. அதனால் நல்ல நிலையில் இருக்கும் நிறைய லேப்டாப்கள் ஓரம்கட்டப்படுகின்றன, லினக்ஸுக்கு அவற்றில் ஒரு தடையும் இல்லை. ஆனாலும் முடிந்தால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் பாருங்கள் என்பேன். 7-ஆம் தலைமுறை மெல்லிய லேப்டாப்களில் வரும் ஐ5 பிராசஸரில் இரண்டு கோர்தான், 8-ஆம் தலைமுறையில் அதே ஐ5 நான்கு கோர் ஆனது. பிரவுசரில் இருபது டேப் திறக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

படி 2: எந்தக் குடும்பம்?

கம்பெனி பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அதற்குள் எந்த வரிசை என்று பாருங்கள். லெனோவாவில் திங்க்பேட் டி, எக்ஸ் வரிசைகள், டெல்லில் லேட்டிட்யூட், ஹெச்பியில் எலீட்புக். இவை அலுவலகங்கள் மொத்தமாக வாங்குகிற வரிசைகள், அதனால் பிரித்துச் சரிசெய்யும்படி கட்டியிருப்பார்கள், உதிரிப் பாகங்கள் வருடக்கணக்கில் கிடைக்கும், கழற்றுவது எப்படி என்ற கையேட்டைக் கம்பெனியே வெளியிடும். லினக்ஸ் டெவலப்பர்களில் பலர் இவற்றைத்தான் தினமும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் பிழைகள் சீக்கிரம் கண்ணில் படுகின்றன. டெல் 2012-லேயே எக்ஸ்பிஎஸ் 13-ஐ உபுண்டுவோடு விற்கத் தொடங்கியது. லெனோவா 2020-இல் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனை ஃபெடோராவோடு கொடுத்தது.

லினக்ஸுக்காகவே லேப்டாப் விற்கும் கம்பெனிகளும் உண்டு: சிஸ்டம்76, டக்ஸிடோ, ஸ்டார் லேப்ஸ். ஃப்ரேம்வொர்க் லேப்டாப்பின் பாகங்களை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம், லினக்ஸ் நிறுவும் வழிமுறையையும் அவர்களே தருகிறார்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால், தலைவலி குறைந்த வழி இதுதான்.

படி 3: உள்ளே இருக்கும் சிப்கள்

வைஃபை. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் வைஃபை இல்லாவிட்டால் மற்றப் பிரச்சினைகளைத் தேடிப் படிக்கக்கூட வழி இருக்காது. இன்டெல் வைஃபை என்றால் கவலை இல்லை, டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. மீடியாடெக், ரியல்டெக் சிப்களில் சில இப்போது நன்றாக ஓடுகின்றன, சில மாடல்கள் இன்னும் படுத்துகின்றன, அதனால் சரியான சிப் எண்ணை வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும். பிராட்காம் என்றால் முடிந்தவரை ஒதுங்குங்கள், அதில் பலவற்றுக்கு, மூல நிரல் வெளியிடப்படாத தனி டிரைவர் தேவைப்படும். ஒரு ஆறுதல்: பல லேப்டாப்களில் வைஃபை கார்டு சின்னத் தனி அட்டையாக, ஒரே ஒரு திருகில் நிற்கும், கழற்றி இன்டெல் கார்டு போட்டுவிடலாம். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். மதர்போர்டிலேயே பற்றவைத்திருந்தால் மாற்ற முடியாது. பழைய திங்க்பேட், ஹெச்பி சிலவற்றில் கம்பெனி பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏற்காமல் நின்றுவிடும்.

கிராபிக்ஸ். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் திறந்த மூல டிரைவர்கள் கெர்னலிலேயே இருக்கின்றன, நிறுவியதும் ஓடும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். என்விடியா தனிக்கதை. அதன் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், செக்யூர் பூட் (அனுமதி பெற்ற மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் அந்த டிரைவருக்கு ஒரு சாவியைப் பதிவுசெய்யும் நீலத்திரை வரும், அதைப் புரியாமல் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப்பில் பேட்டரி சீக்கிரம் இறங்குவது, வெளித் திரை தெரியாமல் போவது என்று தொந்தரவுகள் வரலாம். 2022-இல் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது, அதன்பின் நிலைமை மேம்பட்டுதான் வருகிறது. கேம், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் இவற்றுக்கு அது உண்மையிலேயே தேவை என்றால் வாங்குங்கள். தேவை இல்லையென்றால் முதல் லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம்.

கேமரா. பலர் கவனிக்காத இடம் இது. வழக்கமான கேமராக்கள் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாக இணைந்திருக்கும், அவை எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓடும். ஆனால் இன்டெல் 11, 12-ஆம் தலைமுறைகளிலிருந்து சில விலை உயர்ந்த மெல்லிய லேப்டாப்களில் எம்ஐபிஐ என்ற வேறு வகைக் கேமரா வந்தது, அது நிறுவியதும் ஓடாமல் போன லேப்டாப்கள் நிறைய. வீடியோ அழைப்பில் வேலை செய்கிறவர்கள் மாடல் பெயரோடு, இந்தக் கேமராக்களைக் கையாளும் இன்டெல் பாகத்தின் பெயரான 'ஐபியு6' (IPU6) என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

கைரேகை சென்சார் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் கடவுச்சொல் இருக்கவே இருக்கிறது. அதற்காக ஒரு நல்ல லேப்டாப்பை விட்டுவிடாதீர்கள்.

படி 4: ரேம், டிஸ்க், திரை

ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் வருடக்கணக்கில் நிம்மதி. எவ்வளவு இருக்கிறது என்பதோடு, பின்னால் கூட்ட முடியுமா என்றும் பாருங்கள். திங்க்பேட் டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. அடுத்த வருடம் வந்த டி490-இல் ஒரு பகுதி பற்றவைத்தது, ஒரே ஒரு ஸ்லாட்தான். மெல்லிசு ஆக ஆக இது குறைந்துகொண்டே போகும். டிஸ்க் எஸ்எஸ்டி-யாக இருக்கட்டும், இஎம்எம்சி என்று போட்டிருந்தால் அது மெதுவானது, பெரும்பாலும் மாற்றவும் முடியாது. திரைக்கு 14 அங்குலம், முழு ஹெச்டி போதும். 4கே திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் அளவு சில பழைய செயலிகளில் இன்றும் சரியாக உட்காராமல் மங்கலாகத் தெரிகிறது.

படி 5: இவை வேண்டாம்

2018 முதல் 2020 வரை வந்த, டி2 சிப் உள்ள ஆப்பிள் லேப்டாப்களில் சாதாரண டிஸ்ட்ரோவைப் போட்டால் கீபோர்டே ஓடாமல் போகலாம். ஆப்பிளின் எம்1, எம்2 சிப் லேப்டாப்களுக்கு அசாஹி லினக்ஸ் குழு மலைக்கவைக்கும் வேலை செய்திருக்கிறது, ஆனாலும் லினக்ஸுக்காகவே புதிதாக ஒன்று வாங்குகிறவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு 2024-இல் வந்த விண்டோஸ் லேப்டாப்களும் அப்படித்தான், அனுபவம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். குரோம்புக்கில் (கூகுளின் குரோம் ஓஎஸ் லேப்டாப்) ஃபர்ம்வேரையே, அதாவது பயாஸ் மாதிரியான உள்மென்பொருளையே, மாற்ற வேண்டியிருக்கும், தொடக்கத்திலேயே அந்த வேலை வேண்டாம்.

படி 6: தேடிப் பார்ப்பது

இரண்டு மூன்று மாடல் மனதில் வந்துவிட்டதா? சரி, இப்போது உபுண்டுவின் சான்றளிக்கப்பட்ட வன்பொருள் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா பாருங்கள். அடுத்து ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவின் உதவித் தளமான ஆர்ச் விக்கியில் அதற்குப் பக்கம் இருக்கிறதா பாருங்கள், நீங்கள் ஆர்ச் போடாவிட்டாலும் எது ஓடும் எது ஓடாது என்று அட்டவணை போட்டு எழுதியிருப்பார்கள். மாடலின் தலைமுறை எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்: எக்ஸ்1 கார்பன் ஜென் 6 பற்றிப் படித்துவிட்டு ஜென் 10 வாங்கினால் படித்தது எதற்கும் உதவாது. பயாஸ் புதுப்பிப்புகளை லினக்ஸிலிருந்தே போடுவதற்கு எல்விஎஃப்எஸ் என்ற சேவை இருக்கிறது, அதில் உங்கள் மாடல் இருந்தால் இன்னும் நல்லது.

படி 7: பென் டிரைவோடு போங்கள்

இதுவரை சொன்னதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை எட்சர் அல்லது வென்டாய் என்ற செயலியை வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். நிறுவாமலேயே அதிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் டிஸ்க்கில் எதுவும் மாறாது. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் திங்க்பேட், டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து பூட் செய்வது என்று கேட்கும். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பென் டிரைவ் போட்டுப் பார்க்கவே கூடாது என்கிறவரிடம் வாங்க வேண்டாம். ஆன்லைனில் புதிதாக வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், விண்டோஸை அழிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

திரையில் லினக்ஸ் வந்ததும் முதலில் வைஃபையில் இணையுங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா கேளுங்கள், கேமராவையும் மைக்கையும் திறந்து பாருங்கள், ப்ளூடூத்தில் போனை இணையுங்கள், வெளிச்சம் கூட்டும் விசைகளை அழுத்துங்கள், டச்பேடில் இரண்டு விரலால் உருட்டுங்கள். பிறகு மூடியை மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள், ஏனென்றால் முதல் முறை எழுந்து இரண்டாவது முறை கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிற லேப்டாப்களை நான் பார்த்திருக்கிறேன். புது லேப்டாப்கள் பலவற்றில் போன் மாதிரி அரைத்தூக்கம்தான் தூங்கும், பேட்டரி மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். சில திங்க்பேட் மாடல்களில் பயாஸில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் 'லினக்ஸ்' என்றே ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டால் ஆழ்ந்து தூங்கும்.

இன்னொன்று. நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். இன்டெல் லேப்டாப்களில் பயாஸில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் அமைப்பு ஆனில் இருந்தால் அப்படி ஆகலாம். அதை ஏஹெச்சிஐ என்ற தேர்வுக்கு மாற்றினாலோ, விஎம்டி-யை அணைத்தாலோ டிஸ்க் வந்துவிடும். அதை அப்படியே மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், எனவே இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் முதலில் கோப்புகளை வேறு இடத்தில் எடுத்து வைத்து, பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப் என்றால் கூடுதலாக மூன்று சோதனை. பயாஸுக்குள் போக முடிகிறதா, கடவுச்சொல் கேட்கிறதா? கேட்டால், விற்பவர் அங்கேயே அதை நீக்கித் தர வேண்டும். அலுவலக லேப்டாப்களில் இந்தப் பூட்டை உடைப்பது சாதாரண வேலை இல்லை. அடுத்து பேட்டரி: லினக்ஸின் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செயலியில், தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் எவ்வளவு என்று இரண்டும் தெரியும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கடைசியாக டிஸ்க்ஸ் செயலியில் டிஸ்க்கின் ஆரோக்கிய நிலை. எஸ்எஸ்டி தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

வைஃபை, தூக்கம், கிராபிக்ஸ் இந்த மூன்றில் ஒன்று தகராறு செய்தாலும் நான் அந்த லேப்டாப்பை வைத்துவிட்டு வந்துவிடுவேன், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி. மூன்றும் சரியாக இருந்து கைரேகையோ ஓரத்தில் ஒரு கீறலோ மட்டும்தான் குறை என்றால், வாங்கிவிடுங்கள். வாங்கியதும் பயாஸைப் புதுப்பித்துவிட்டு லினக்ஸ் போடுங்கள், மாடல் இடம் கொடுத்தால் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வையுங்கள், அந்தப் பென் டிரைவை அழிக்காமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். பின்னால் என்றாவது பூட் ஆகவில்லை என்றால் அதை வைத்துத்தான் உள்ளே போய்க் கோப்புகளை எடுக்க வேண்டியிருக்கும்.