பெங்களூருவில் வேலை, ஓசூரில் வீடு: குடிவருமுன் பார்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஊர். ஆனாலும் எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ வேலை பார்ப்பவருக்கு அது பெங்களூருவின் புறநகரே. அங்கு கொடுக்கும் வாடகையில் இங்கே இன்னும் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் பலரும் வீட்டைப் பார்த்தவுடனேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் வழியையும் அடுத்துத் தண்ணீரையும் பார்த்துவிட்டு, அதன் பிறகே வாடகையைப் பேசுங்கள்.

பாகலூர் ஹட்கோ, மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி ஆகிய பகுதிகளில் குடியிருந்தால் நகருக்குள் நுழையாமலேயே தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளிக்குச் சென்றுவிடலாம். மத்திகிரி, தளி சாலை, ராயக்கோட்டை சாலைப் பக்கங்கள் அமைதியானவை, காற்றோட்டமானவை. ஆனால் அங்கிருந்து பெங்களூரு செல்ல ஒவ்வொரு நாளும் ஓசூர் நகரின் நெரிசலைத் தாண்டியாக வேண்டும். வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பாமல், வேலைநாளில், முடிந்தால் திங்கட்கிழமை காலையில், நீங்கள் புறப்படவிருக்கும் அதே நேரத்தில் அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை சென்று பார்ப்பதே சரியான சோதனை. சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனிப் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொள்வதை நண்பகலில் வீடு பார்க்க வருபவரால் அறிய முடியாது.

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபின், சில்க் போர்டு, பி.டி.எம். லேஅவுட், ஜெயநகர்ப் பக்கம் செல்வோருக்குக் கணக்கே மாறிவிட்டது. ஓசூரிலிருந்து பேருந்தில் பொம்மசந்திரா வரை சென்று அங்கே மெட்ரோ ஏறினால், சில்க் போர்டு சந்திப்பில் சிக்னலுக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. சர்ஜாபூர் சாலை, பெல்லந்தூர், பையப்பனஹள்ளிப் பக்கம் வேலை என்றால் ரயிலை யோசிக்கலாம். ஓசூர் ரயில் பாதை ஹீலலிகே, கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு வழியாகவே செல்கிறது. சீசன் டிக்கெட்டும் மலிவு. ஆனால் ரயில்களின் எண்ணிக்கை குறைவு என்பதால், காலையில் செல்லும் ரயிலை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், மாலையில் அலுவலகம் முடிந்து ஏறத் தோதான ரயில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கர்நாடகத்தின் சக்தி திட்ட இலவசப் பயணத்துக்குக் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை தேவை. ஆதாரை ஓசூர் முகவரிக்கு மாற்றியபின் அத்திப்பள்ளிக்கு அப்பால் பி.எம்.டி.சி. எனும் பெங்களூரு மாநகரப் பேருந்தில் டிக்கெட் எடுத்தாக வேண்டும் என்பதால், அந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசூருக்குள் ஓடும் சாதாரண டவுன் பஸ்ஸில் தமிழக அரசின் இலவசப் பயணம் கிடைக்கும்.

காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்களில் தமிழகப் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் எல்லையை நடந்து கடந்து, அந்தப் பக்கம் கர்நாடக வண்டி ஏற வேண்டியிருக்கும். முழு அடைப்பு என்றால் அதுவும் இல்லை. அத்தகைய நாட்களில் வீட்டிலிருந்தே வேலை செய்ய இயலுமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

இனித் தண்ணீர். வீட்டுக்காரரிடம் “தண்ணீர் வருமா?” என்று கேட்டால் “வரும்” என்றுதான் சொல்வார். மாநகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி, கோடையில் டேங்கர் வாங்கினால் பணம் யார் கொடுப்பது என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதே கேள்விகளை ஏற்கெனவே குடியிருக்கும் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் கொண்டுவரப்பட்டது. போர் தண்ணீரைக் காய்ச்சும்போது பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது கடினத்தன்மை. ஃபுளோரைடோ கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. பல் முளைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள்.

காய்கறிக்குக் கவலை இல்லை. சுற்றுவட்டாரத்தில் விளைவதே உழவர் சந்தைக்கு வருகிறது, விடியற்காலையில் சென்றால் நல்லதாகப் பொறுக்கி எடுக்கலாம்.

ராயக்கோட்டை சாலையில் ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி வீடு பார்ப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் சானமாவு காட்டில் வந்து தங்கும். வனத்துறை எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் இரவு ஷிப்டு முடிந்து இருசக்கர வாகனத்தில் அந்தச் சாலையில் வருவது உயிருக்கே ஆபத்து. இரவு வேலை இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பெங்களூருப் பழக்கத்தை இங்கேயும் சிலர் பின்பற்றுகிறார்கள். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம். ஆகவே எதிலும் கையெழுத்துப் போடுமுன் பேசிக் குறையுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம் என்றிருக்க, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வசூலிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. மின் இணைப்பு எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டால், மின்வாரிய இணையதளத்தில் பில்லை நீங்களே பார்த்து நேரடியாகக் கட்டிவிடலாம்.