ஒரே வீட்டில் இரண்டு ஓவியர்கள்: இருவரும் வரைந்துகொண்டே இருக்கச் சில ஏற்பாடுகள்

கவின்கலைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, முதலில் ஒருவர் படத்தை மற்றவர் விரும்பி, பிறகு ஒருவரையொருவர் விரும்பி, சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுக்கும் இளைஞர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: விட்டுக்கொடுத்துப் போங்கள். ஓவியர்களுக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை என்பது என் கருத்து. பழகப் பழக விட்டுக்கொடுப்பவர் ஒருவராகவே ஆகிவிடுவார். அவர் விட்டுக்கொடுப்பதும் தன் படங்களாகவே இருக்கும். ஆகவே மனப்பக்குவம் வரும்வரை காத்திராமல் இடம், பணம், பெயர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய 5 அடி கேன்வாஸ் மாடிப்படித் திருப்பத்தில் புகுமா, வண்ணம் கரைக்கும் டர்பன்டைனின் வாடை படுக்கும் இடத்துக்கு வராமல் காற்று போகுமா என்று பாருங்கள். ஓர் அறை பெரிதாகவும் வெளிச்சமாகவும், மற்றது சிறிதாகவும் இருட்டாகவும் இருந்தால், பெரியது யாருக்கு என்பதைக் குடியேறும் நாளின் உற்சாகத்தில் 'நீயே வைத்துக்கொள்' என்று ஒருவர் சொல்லி முடித்துவிடக் கூடாது.

அமெரிக்க ஓவியர்களான லீ கிராஸ்னரும் ஜாக்சன் பொல்லாக்கும் 1945 அக்டோபரில் மணந்துகொண்டு, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பழைய பண்ணைவீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். முதலில் மாடிப் படுக்கையறையில் வரைந்த பொல்லாக் வீட்டருகிலிருந்த கொட்டகைக்கு மாறிய பிறகு, அந்தப் படுக்கையறை கிராஸ்னருக்கு வந்தது. கொட்டகைத் தரையில் கேன்வாஸை விரித்து, அதைச் சுற்றி நடந்தபடியே வண்ணத்தைச் சொட்டவிட்டு 1947 முதல் பொல்லாக் உருவாக்கிய படங்கள் அவரை உலகறியச் செய்தன. அதே ஆண்டுகளில் கிராஸ்னர் வரைந்த வரிசைக்குப் பெயரே 'சிறு படிமங்கள்'. 1956 ஆகஸ்டில் பொல்லாக் கார் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு கிராஸ்னர் அந்தக் கொட்டகைக்குத் தம் வேலையை மாற்றினார். 1957ஆம் ஆண்டின் 'பருவங்கள்' என்ற அவருடைய படம் 5 மீட்டருக்கும் மேல் அகலமுடையது. அறைதான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. துக்கத்துக்கும் அதில் பங்கிருந்திருக்கும். ஆனாலும் படுக்கையறைச் சுவரில் அந்தப் படத்தைச் சாய்த்து வைத்திருக்கக்கூட முடியாது.

எனவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறைகளை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் தேதியை நாள்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். யாருக்குப் பெரிய படம் வரையும் திட்டம் இருக்கிறதோ அவருக்குப் பெரிய அறை என்ற ஏற்பாடு நியாயமாகத் தோன்றினாலும் அதை ஏற்க வேண்டாம். பெரிய அறையில் இருப்பவருக்குத்தான் பெரிய திட்டங்கள் தோன்றும்.

ஒருவர் படத்தை மற்றவர் எப்போது பார்ப்பது என்பதற்கு ஒரு குறி வைத்துக்கொள்வது நல்லது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த படத்தைத் தொடவோ அதைப் பற்றிக் கேட்கவோ கூடாது. திருப்பாமல் வைத்த படமானாலும், வாய் திறப்பதற்கு முன், 'படத்தைப் பற்றிப் பேசட்டுமா, சும்மா பக்கத்தில் உட்காரட்டுமா?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் தவிர்க்கப்படும் சண்டைகள் ஏராளம்.

பணத்தில், வாடகையும் சாப்பாடும் பொதுச் செலவு. வண்ணம், தூரிகை, கேன்வாஸ் ஆகியவற்றுக்கான தொகை, சம்பாதிப்பவர் யாராக இருந்தாலும், இருவருக்கும் தனித்தனியாகச் சமமாக ஒதுக்கப்பட வேண்டும். பாரிஸில் வாழ்ந்த ஓவியர் சோனியா டெலோனேக்கு ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த வாடகை வருமானம் 1917 ரஷ்யப் புரட்சியோடு நின்றது. அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் கடை திறந்து, பின்பு பாரிஸில் துணி வடிவமைத்து, குடும்பத்தைத் தாங்கியவர் அவர். கணவர் ராபர்ட் ஓவியத்திலேயே இருந்தார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் சோனியாவின் கண்காட்சி 1964இல் நடந்தபோது ராபர்ட் இறந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. இதற்கு மாறாக, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நண்பர்களுடனும் மாணவர்களுடனும் சென்னைக்கு அருகே அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தில், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்கும் வேலையைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் வாழும் வீட்டிலும் அப்படிப் பகிரலாம்: ஓராண்டு ஒருவர் ஓவிய வகுப்பெடுத்தோ விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தோ சம்பாதிக்கட்டும், மறு ஆண்டு மற்றவர். முறை மாறும் மாதத்தை எழுதி வைக்காவிட்டால் அந்த மறு ஆண்டு வராது.

சேர்ந்து செய்த வேலைக்கு முதல் நாளிலேயே இரண்டு பெயர்களையும் போடுங்கள். கட்டடங்களையும் பாலங்களையும் துணியால் போர்த்திய கிறிஸ்டோ, ழான்-கிளாட் தம்பதி பல ஆண்டுகள் கிறிஸ்டோவின் பெயரில் மட்டுமே அறியப்பட்டார்கள். பொதுவெளிப் படைப்புகள் இருவருடையவை என்று பின்னோக்கி அவர்கள் அறிவித்தது 1994இல்தான். தனித்தனிப் படங்களின் பின்புறம் பெயர், ஆண்டு, அளவு, எந்த வண்ணத்தில் எதன்மேல் வரைந்தது என்பது ஆகியவற்றை எழுதிப் புகைப்படமும் எடுத்து வையுங்கள். படத்தை விற்றால் பதிப்புரிமையும் சேர்ந்து போய்விடுவதில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். பிரிய நேர்ந்தால் இந்தப் பதிவேடு இருவரையும் காக்கும் என்பதைக் காதலின் உச்சத்தில் பேசுவது சங்கடமாக இருக்கலாம். பிரிந்த பிறகு பேசுவது அதைவிடச் சங்கடம்.

ஒரே உதவித்தொகைக்கு இருவரும் தகுதியுடையவர்களானால் இருவருமே விண்ணப்பியுங்கள். துணைக்காக ஒதுங்கி நின்றவர் அதை மறக்கவே மாட்டார். முடிவு வரும் நாளில், கிடைக்காதவர் உடனே மகிழ்ந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாழ்த்தை மறுநாள் சொல்லலாம்.

ஒருவருடைய கண்காட்சி திறக்கும் மாலையில் மற்றவர் வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும் பொறுப்பில் நிற்க வேண்டாம். அதற்கு நண்பர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். 'நீங்களும் வரைவீர்களா?' என்று யாராவது அந்தத் துணையிடம் கேட்டால், கண்காட்சி வைத்திருப்பவர் அருகில் வந்து, தன் துணை இப்போது வரைந்துகொண்டிருக்கும் படத்தையும், அதை எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்பதையும் தானே சொல்லட்டும்.