பக்கத்தில் ஆள் போடும் முன்: எப்போது, எத்தனை நாளைக்கு?

வகுப்பில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை திணறினால் நம்ம பக்கத்துப் பள்ளிகளில் முதலில் வருகிற பேச்சு, "பக்கத்துல ஒரு ஆளப் போட்டுடலாம் டீச்சர்" என்பதுதான். போடலாம். ஆனால் எதற்கு, எந்தப் பாடவேளையில், எப்போது விலகுவார் என்று பேசாமல் போட்ட ஆள் வருடம் முழுக்க அங்கேயே இருப்பார், பிள்ளையும் பென்சிலை எடுப்பதற்குக்கூட அவர் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும், மற்ற பிள்ளைகளும் அந்த பெஞ்சுப் பக்கம் வருவதை விட்டுவிடுவார்கள்.

அதனால் முதலில் சின்ன விஷயங்களைப் பாருங்கள். காது கருவியில் பேட்டரி இருக்கிறதா, கண்ணாடி பவர் மாறியதா, வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டியதால் தூங்கி வழிகிறதா. அப்பா லீவு முடிந்து சிங்கப்பூர் போயிருக்கலாம், பிள்ளை அப்பத்தா வீட்டுக்கு மாறியிருக்கலாம். காரைக்குடியில் முத்துமாரியம்மன் மாசி–பங்குனித் திருவிழா நேரத்தில் மைக்செட் சத்தம் தாங்காத ஆட்டிசம் பிள்ளைக்கு வேண்டியது சத்தம் குறைவான இடமும் நல்ல தூக்கமும்தான், அதற்குத் தனி ஆள் எதற்கு?

இதெல்லாம் சரியாக இருந்தும் திணறினால், இரண்டு வாரம் குறித்து வையுங்கள். எந்தப் பாடவேளை, என்ன வேலை, என்ன உதவி: வாயால் சொன்னால் போதுமா, சைகை வேண்டுமா, கைபிடித்துச் செய்ய வேண்டுமா. போர்டைப் பார்த்து எழுதும்போது மட்டும் சிக்கல் என்றால் இடத்தை மாற்றுங்கள், அச்சடித்த தாள் கொடுங்கள். எல்லாப் பாடத்திலும் கைபிடிக்க வேண்டியிருந்தால்தான் தீவிர உதவி, அதாவது நாள் முழுக்கப் பக்கத்தில் ஆள் வைப்பது பற்றிப் பேச வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய முதல் வாரங்கள், பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வருகிற ஆறாம் வகுப்புக்கு மாறும் நேரம், பிரெய்லோ, படம் காட்டிப் பேச உதவும் படஅட்டையோ புதிதாகப் பழகும் காலம், இவற்றுக்குத் தற்காலிக உதவி நன்றாகவே பொருந்தும். இரண்டு வாரக் குறிப்புக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. பிள்ளை வகுப்பை விட்டு ஓடுகிறது, பள்ளிக்குப் பக்கத்திலேயே ஊருணி இருக்கிறது என்றால் அன்றைக்கே ஆள் வேண்டும், குறிப்பெல்லாம் அப்புறம். நேற்றுவரை செய்ததை இன்று திடீரென்று செய்யவில்லை என்றால் முதலில் டாக்டர்.

முடிவை வகுப்பாசிரியர் தனியாக எடுக்க வேண்டாம். தலைமையாசிரியர், பெற்றோர், வட்டார வள மையத்தின் (ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) சிறப்புப் பயிற்றுநர் எல்லோரும் உட்காருங்கள். சாக்கோட்டையோ கல்லலோ தேவகோட்டையோ, உங்கள் ஒன்றிய மையத்துக்குத் தலைமையாசிரியர் வழியாகத் தேதி போட்ட கடிதமாகவே கேளுங்கள், போனில் சொன்னது யாருக்கும் நினைவில் நிற்காது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். "ஆளுக்குச் சம்பளம் நீங்களே கொடுங்க, இல்லன்னா டிசி வாங்கிக்குங்க" என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16ஐக் காட்டுங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, தேவைக்கேற்ற வசதியும் தனிப்பட்ட ஆதரவும் தர அரசும் உள்ளாட்சியும் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது.

தனிநபர் கல்வித் திட்டத்தில் (அந்தப் பிள்ளைக்கென்றே எழுதி வைக்கும் திட்டம்) இப்படி எழுதுங்கள்: "கணக்குப் பாடவேளையில் மட்டும், ஆறு வாரம். ஐந்து கணக்கில் நான்கைத் தானாகத் தொடங்கினால் உதவி குறையும்." 'முன்னேற்றம் வேண்டும்' என்று எழுதினால் யார் எப்படி அளப்பது? மறுபார்வைத் தேதி கட்டாயம்.

குறைப்பதும் படிப்படியாகத்தான். பிள்ளை நன்றாகச் செய்கிற பாடத்தில் முதலில் விலகுங்கள். உதவியாளர் பக்கத்திலிருந்து பின் பெஞ்சுக்கு, பிறகு வாசல் பக்கம். பெற்றோர் பயப்படுவார்கள், அது நியாயம்தான், குறிப்பேட்டைக் காட்டிப் பேசுங்கள். விலகியபின் ஒரு பாடத்தில் சறுக்கினால் அந்தப் பாடத்துக்கு மட்டும் திரும்ப ஆள் போட்டு, புதுத் தேதி குறியுங்கள். ஆறு வாரத்திலும் அசைவே இல்லை என்றால் அதே உதவியை நீட்டிக்காமல், சொல்லித்தரும் முறையை மாற்றுங்கள்.