ஐமேக்கை வெளி எஸ்எஸ்டியில் பூட் செய்யப் போகிறீர்களா? வாங்கும் முன் ஒரு நிமிடம்

2017, 2019 மாடல் 21.5 அங்குல ஐமேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். திரை பளிச்சென்று இருக்கும், பிராசஸரிலும் பெரிய குறை கிடையாது, ஆனால் ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கும். அடிப்படை மாடலுக்குள் இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க், அதுதான் காரணம். அதை மாற்ற, பசை போட்டு ஒட்டிய திரையைப் பெயர்க்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வெளியே ஒரு எஸ்எஸ்டியை, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவைச் செருகி அதிலிருந்து பூட் செய்வதுதான், அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்குவதுதான் சுலபம், ஆனால் வாங்குகிற இடத்திலேயே பலர் சறுக்கிவிடுகிறார்கள்.

முதல் சறுக்கல், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்குவது. நொடிக்கு 2000 எம்பி என்று போட்ட யூஎஸ்பி டிரைவ்களுக்கு 20 கிகாபிட் ஓடும் 'ஜென் 2×2' போர்ட் வேண்டும், இந்த ஐமேக்குகளில் அது கிடையாது. 10 கிகாபிட்டுக்கு இறங்கி, நொடிக்கு 1000 எம்பி பக்கம் நின்றுவிடும். ஏரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் மதகு விடுகிற தண்ணீர்தானே வயலுக்கு வரும்! அந்த 1000-கூட, பின்னால் இருக்கும் இரண்டு யூஎஸ்பி-சி துளைகளில் ஒன்றில் செருகினால்தான். பக்கத்தில் வரிசையாக இருக்கும் பழைய அகலமான துளைகளில் 5 கிகாபிட்தான், அதாவது 400 எம்பி சொச்சம்.

அப்புறம் கேபிள். இதில் நானே ஏமாந்தேன். டிரைவுடன் வந்த கேபிள் குட்டையாக இருக்கிறதே என்று போன் சார்ஜர் கேபிளைச் செருகினேன், இரண்டு முனையும் சி-தானே என்ற நினைப்பு. நகல் எடுக்கும் வேகம் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டவே இல்லை, பழைய டிஸ்க்கே தேவலாம் போலிருந்தது. டிரைவ் போலி என்று முடிவு கட்டி, கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பும் முன் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைப் பார்த்தேன்: வேகம் 480 மெகாபிட். சார்ஜர் கேபிள்களில் பாதிக்கு மேல் பழைய, மெதுவான யூஎஸ்பி 2 தான் போல. நல்லவேளை, கடைக்குப் போகவில்லை.

சரி, அதே யூஎஸ்பி-சி துளையில் யூஎஸ்பியைவிட வேகமாக ஓடும் தண்டர்போல்ட் டிரைவ் வாங்கலாமா? கையில் காசு தாராளமாக இருந்தால், அல்லது தினமும் 4கே வீடியோ எடிட் செய்பவராக இருந்தால் வாங்குங்கள். அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவித்து அதன் வேகம் குறையாமல் காக்கும் டிரிம் வசதியும் அதில் ஒழுங்காக வேலை செய்யும், யூஎஸ்பி வழியாக மேக்ஓஎஸ்ஸில் எல்லா டிரைவுக்கும் கிடைக்காது. மற்றவர்களுக்கு அது வீண் செலவு என்பேன். பூட் ஆகும்போது கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கும் இங்குமாகப் படிக்கிறது. டிஸ்க்கின் முள் ஓடி ஓடித் திணறுவது அங்கேதான், சாதாரண எஸ்எஸ்டிக்கே அது தூசு. அதற்காகப் பென்டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள், சின்னக் கோப்புகளை எழுதும்போது அழுதுவிடும். க்யூஎல்சி என்ற மலிவான வகை நினைவகம் போட்ட எஸ்எஸ்டிகளிலும் கவனம் தேவை. கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பும்வரை பறக்கும், பழைய டேட்டாவை 300 ஜிபி மொத்தமாக மாற்றும்போது பாதியில் படுத்துவிடும்.

வாங்கியதும் அப்படியே மேக்ஓஎஸ்ஸை ஏற்ற முடியாது, பெரும்பாலான டிரைவ்கள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில்தான் வரும். டிஸ்க் யூட்டிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, மேலே இருக்கும் டிரைவ் பெயரையே தேர்ந்தெடுத்து, ஃபார்மேட்டுக்கு மேக்கின் ஏபிஎஃப்எஸ், ஸ்கீமுக்கு 'ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்' என்று கொடுத்து அழியுங்கள். உள்ளே இருக்கும் வால்யூமைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கீம் என்ற கட்டமே கண்ணில் படாது, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்கள். 2020 மாடல் 27 அங்குலத்தில் டி2 என்ற பாதுகாப்பு சிப் இருப்பதால், ஆன் செய்யும்போது கமாண்ட்-ஆர் அழுத்தி ரெக்கவரிக்குள் போய் வெளி டிரைவிலிருந்து பூட் ஆக அனுமதி கொடுக்க வேண்டும். 2019-இல் அந்தத் தொல்லை இல்லை.

ஹப்பில் செருகாதீர்கள், நேரே கம்ப்யூட்டரில். ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால் மொத்தமும் அப்படியே உறைந்துவிடும். துடைப்பம் பட்டு என் வீட்டில் இரண்டு தடவை நடந்த பிறகு, டிரைவை ஸ்டாண்டின் பின்னால் வெல்க்ரோ போட்டு ஒட்டிவிட்டேன். உள்ளே இருக்கும் பழைய டிஸ்க்கை ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்து, எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் அழித்து, பேக்கப் எடுக்கும் டைம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன். ராத்திரியில் அது மட்டும் இன்னும் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.