டிபென்டென்ட் என்றால் தண்டச்சோறு இல்லை

முதியோர் பெருகும் நாடுகளைப் பற்றிய ஆங்கிலப் பொருளாதாரக் கட்டுரைகளை ஒரு மாத இதழுக்காகத் தமிழில் எழுதித் தருகிறேன். ஆரம்பத்தில் 'ஓல்டு ஏஜ் டிபென்டென்சி ரேஷியோ' என்பதை "பிறரை அண்டி வாழும் முதியோர் விகிதம்" என்று எழுதிவிட்டேன். இதழ் வந்த வாரமே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "எனக்கு வயது 67. டியூஷன் எடுத்துப் பேரனுக்கு ஃபீஸ் கட்டுகிறேன். நான் யாரய்யா அண்டி வாழ்கிறேன்?"

தப்பு என்னுடையதுதான். அது வெறும் வயதுக் கணக்கு. 15 முதல் 64 வயதுவரை உள்ள 100 பேருக்கு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எத்தனை பேர் என்பது மட்டுமே. அந்தக் கணக்கில் கல்லூரி மாணவன் 'உழைக்கும் வயது' பக்கம் நிற்பான். தினமும் கல்லாவில் உட்காரும் 70 வயது முதலாளி 'டிபென்டென்ட்' பக்கம் போய்விடுவார். சில கட்டுரைகள் 15க்குப் பதில் 20லிருந்து தொடங்கும். அதனால் அடிக்குறிப்பைப் பார்க்காமல் இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒப்பிடாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் பென்சிலால் 'எதில்?' என்று எழுதிக்கொள்ளுங்கள். 2023 ஜப்பானைப் பற்றி ஒரு கட்டுரை 29 என்னும், இன்னொன்று 49 என்னும், மூன்றாவது 'ஒரு முதியவருக்கு இரண்டு பேர்' என்னும். மூன்றும் சரி. ஜப்பானியர் 100 பேரை நிறுத்தினால் 29 பேர் 65ஐத் தொட்டவர்கள். 15–64 வயதினர் ஏறக்குறைய 59 பேர். 29ஐ அந்த 59ஆல் வகுத்தால் நூற்றுக்கு 49. தலைகீழாக வகுத்தால் இரண்டு. பயமுறுத்த நினைக்கும் எழுத்தாளர் 49ஐத்தான் எடுப்பார், கவனித்துப் பாருங்கள்.

'லைஃப் எக்ஸ்பெக்டன்சி', அதாவது சராசரியாக எதிர்பார்க்கப்படும் ஆயுள், இன்னொரு வழுக்குப் பாறை. ஜப்பானியப் பெண்ணுக்கு 87 என்றால், 65 வயதுப் பாட்டிக்கு இன்னும் 22 வருடம்தான் என்று கழிக்கக் கூடாது. 87 என்பது பிறந்த குழந்தைக்கான கணக்கு. 65 வரை வந்துவிட்டவருக்குச் சராசரியாக இன்னும் 24 வருடம் உண்டு.

'பிலோ ரீப்ளேஸ்மென்ட்' (பெற்றோர் தலைமுறையை ஈடுகட்டும் அளவுக்குக் குழந்தைகள் பிறக்கவில்லை) என்று படித்ததும் மக்கள்தொகை குறைகிறது என்று எழுதிவிடாதீர்கள். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்ணுக்குச் சராசரியாகக் குழந்தை 2.0, ஈடுகட்டத் தேவை 2.1. ஆனாலும் நம் தொகை இன்னும் ஏறுகிறது. முன்பு நிறையப் பிறந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள், அதனால்.

'பே ஆஸ் யூ கோ' பென்ஷன் என்பதை பிரீபெய்டு சிம் மாதிரி நினைத்திருந்தேன். இல்லை. இன்று வேலை செய்பவர் கட்டும் பணம் இன்றைய ஓய்வூதியருக்கே போகிறது, ஜெர்மனியில் இருப்பதுபோல. உங்கள் பெயரில் உண்டியல் எதுவும் கிடையாது. 'ரியல்' பென்ஷன் குறைந்தது என்றால் கைக்கு வரும் தொகை கூடியே இருக்கலாம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது என்று பொருள்.

இப்போது நான் 'முதியோர் சார்பு விகிதம்' என்றுதான் எழுதுகிறேன், பாடப்புத்தகச் சொல். போன் செய்த அந்த ஆசிரியருக்கு அதுவும் பிடிக்கவில்லை.